ஃபேஸ்புக் எதற்கு மாற்றாக வந்தது?

இணையத்தில் பழைய தமிழ்க் கட்டுரை எதையாவது தேடிப் போகிறவர்களுக்கு இந்தக் காட்சி பழக்கமானது. 2006இலிருந்து வாரம் இரண்டு மூன்று இடுகை என்று சுறுசுறுப்பாக ஓடிய ஒரு வலைப்பதிவு, 2012 அல்லது 2013இல் தயங்கத் தொடங்கும். இடுகைகளுக்கு நடுவே மாதக்கணக்கில் இடைவெளி விழும். பிறகு, இனி ஃபேஸ்புக்கில் எழுதப்போவதாக ஓர் அறிவிப்பு. அதோடு சரி. அந்த ஃபேஸ்புக் கணக்கைத் தேடிப் போனால், 2013இல் அவர் அங்கே என்ன எழுதினார் என்று கண்டுபிடிப்பது பெரும்பாடு. வலைப்பதிவில் 2007 மார்ச்சில் எழுதியதோ, பக்கவாட்டில் உள்ள ஆண்டு, மாதப் பட்டியலில் இரண்டு சொடுக்கில் கிடைத்துவிடுகிறது.

சொந்த வலைப்பதிவை விட்டுவிட்டு எழுத்து முழுவதையும் ஒரு சமூக வலைத்தளத்துக்குக் கொண்டுபோகலாமா என்ற கேள்வியை எழுத வருகிற இளைஞர்கள் இன்றும் கேட்கிறார்கள். இதற்கு ஊகத்தில் பதில் சொல்ல வேண்டியதில்லை. தமிழில் ஒரு தலைமுறையே அந்த மாற்றத்தைச் செய்து பார்த்துவிட்டது. அந்த அனுபவத்தை நிதானமாகப் படித்தால், நாம் ஒரு பெரிய குழப்பத்தில் அதைச் செய்தோம் என்று எனக்குத் தோன்றுகிறது. ஃபேஸ்புக் எதன் இடத்தைப் பிடித்தது என்பதையே நாம் சரியாகப் பார்க்கவில்லை.

பிளாகர் சேவையை பைரா லேப்ஸ் என்ற சிறு நிறுவனம் 1999இல் தொடங்கியது. 2003 பிப்ரவரியில் கூகுள் அதை வாங்கியது. வேர்ட்பிரஸ் வந்ததும் அதே 2003இல்தான். தமிழ் வலைப்பதிவுகளும் அந்த ஆண்டில்தான் முளைவிட்டன. அதற்கு முன் தமிழ் எழுத்து கணினியில் பட்ட பாட்டை இன்று போனில் பேசியே தட்டச்சு செய்கிறவர்களுக்கு விளக்குவது கடினம். திஸ்கி, டாப், டாம் என்று ஆளுக்கொரு குறியீட்டு முறை. பத்திரிகைக்குப் பத்திரிகை ஓர் எழுத்துரு. அந்த எழுத்துருவை இறக்கி நிறுவாவிட்டால் கட்டுரை முழுக்கப் புரியாத குறிகளாகத் தெரியும். தேடுபொறியில் தமிழில் தேடினால் ஒன்றும் சிக்காது. யுனிகோடு பரவியதும், இ-கலப்பை போன்ற இலவச மென்பொருள்களும் சுரதாவின் எழுத்துரு மாற்றியும் கைக்கு வந்ததும் நிலைமை மாறியது. எழுதத் தெரிந்த எவரும் பதிப்பாளர் தயவில்லாமல், செலவில்லாமல், உலகின் எந்த மூலையிலிருந்தும் தமிழில் வெளியிடலாம் என்றானது. கொழும்பிலும் டொரொண்டோவிலும் சிங்கப்பூரிலும் சென்னையிலும் இருந்தவர்கள் ஒரே மேசையில் உட்கார்ந்ததுபோல் வாதிட்டார்கள்.

அந்த மேசையைப் போட்டது தமிழ்மணம். 2004 ஆகஸ்டில் காசி ஆறுமுகம் தொடங்கிய திரட்டி அது. அது செய்த வேலை, கேட்பதற்கு மிக எளியது. ஒவ்வொரு வலைப்பதிவுக்கும் ஓடை என்று ஒன்று உண்டு. புதிய இடுகையின் தலைப்பு, நேரம், முதல் சில வரிகள் ஆகியவற்றை இயந்திரம் படிக்கும் வடிவில் அது தந்துகொண்டே இருக்கும். பதிவு செய்துகொண்ட எல்லா வலைப்பதிவுகளின் ஓடைகளையும் வாசித்து, புதிதாக வந்தவற்றைத் தமிழ்மணம் தன் முகப்பில் வரிசையாகப் போடும். அவ்வளவுதான். ஆனால் அந்த முகப்பில் காலையில் ஒருமுறை நோட்டம் விட்டால், தமிழில் முந்தைய இரவு எழுதப்பட்டதெல்லாம் தெரிந்துவிடும். பிரபலமானவர், முதல் இடுகை போட்டவர் என்ற வேறுபாடு வரிசையில் கிடையாது. எழுதிய நேரம்தான் கணக்கு.

முகப்பின் மற்ற பகுதிகளையும் கொஞ்சம் கவனிக்க வேண்டும். அண்மையில் பின்னூட்டம் பெற்ற இடுகைகளுக்குத் தனிப் பட்டியல் இருந்தது. இதனால் மூன்று நாள் பழைய இடுகைகூட, யாரோ ஒருவர் புதிதாக ஒரு மறுப்பு எழுதியதும் மீண்டும் பார்வைக்கு வரும். சூடான இடுகைகள் என்று ஒரு பகுதி. வாசகர் பரிந்துரைக்கு ஒரு பகுதி. வாரம் ஒருவரை நட்சத்திரப் பதிவராக அறிவித்து, அந்த வாரம் முழுக்க அவர் எழுதுவதை முகப்பில் நிறுத்தி வைப்பார்கள். நட்சத்திர வாரம் வாய்த்தவர் மாதக்கணக்கில் யோசித்து வைத்திருந்ததையெல்லாம் அந்த ஏழு நாளில் எழுதித் தீர்ப்பார். பின்னூட்டங்களில் ஆபாசமும் ஆள்மாறாட்டமும் பெருகியபோது, மட்டுறுத்தல் வைத்திருக்கும் பதிவுகளின் பின்னூட்டங்களை மட்டுமே காட்டுவோம் என்று விதி வந்தது. இவை எல்லாமே மனிதர்கள் வெளிப்படையாக எடுத்த முடிவுகள். பிடிக்காதவர்கள் தங்கள் பதிவிலேயே திரட்டியைத் திட்டி எழுதினார்கள். அந்த வசையும் திரட்டியின் முகப்பிலேயே வந்தது.

பதிவுலகம் பொற்காலம் என்று நான் சொல்ல வரவில்லை. மொக்கையும் கும்மியும் அங்கே ஏராளம். அனானிகளின் தாக்குதலால், குறிப்பாகப் பெண்களில், எழுதுவதையே விட்டவர்கள் உண்டு. கணினியும் இணைய இணைப்பும் உள்ள ஒரு சிறு வட்டம் அது. மென்பொருள் வேலையிலும் வெளிநாட்டிலும் இருந்தவர்களே அதில் மிகுதி. ஆனாலும் 2007 ஆகஸ்டில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் மெரினா வளாகத்தில் பதிவர் பட்டறை நடத்தி, புதியவர்களுக்குத் தட்டச்சும் வலைப்பதிவும் கற்றுக்கொடுக்கும் அளவுக்கு அந்த வட்டத்துக்குத் தன்னார்வம் இருந்தது. பிற்பாடு சென்னையிலும் மதுரையிலும் புதுக்கோட்டையிலும் பதிவர் திருவிழாக்கள் நடந்தன. 2015 அக்டோபரில் புதுக்கோட்டையில் திருவிழா நடந்தபோது, பதிவுலகத்தின் பெரும்பகுதி ஃபேஸ்புக்குக்குக் குடிபெயர்ந்து முடிந்திருந்தது.

குடிபெயர்ச்சி ஒரே நாளில் நடக்கவில்லை. 2010 பிப்ரவரியில் கூகுள் பஸ் வந்ததும் தமிழ்ப் பதிவர்கள் கூட்டமாக அதில் ஏறினார்கள். இடுகை எழுத எடுக்கும் உழைப்பில் பத்தில் ஒரு பங்கு போதும், மறுமொழி நொடியில் வரும். 2011 இறுதியில் பஸ்ஸைக் கூகுள் மூடியது. எல்லோரும் கூகுள் பிளஸ்ஸுக்கும் ஃபேஸ்புக்குக்கும் டுவிட்டருக்கும் பிரிந்தார்கள். 2013 ஜூலை 1ஆம் தேதி கூகுள் ரீடர் மூடப்பட்டது. ஓடைகள் வழியாக வலைப்பதிவுகளைப் பின்தொடர்ந்த கருத்தூன்றிய வாசகர்களுக்கு அது பெரிய அடி. திரட்டிகளும் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. தேன்கூடு, தமிழ்வெளி, தமிழிஷ் என்று தொடங்கி இன்ட்லி ஆனது, கடைசியில் தமிழ்மணமும். இதற்கிடையே வாசிப்பு மேசைக் கணினியிலிருந்து கைபேசிக்கு நகர்ந்தது. 2016 செப்டம்பரில் ஜியோ வந்த பிறகு இணையம் என்றாலே ஃபேஸ்புக், வாட்ஸப், யூடியூப் என்று ஆகிவிட்ட புதிய வாசகர் கூட்டம் உருவானது. அவர்களில் பெரும்பாலோர் திரட்டி என்ற ஒன்றைப் பார்த்ததே இல்லை.

இந்த வரிசையில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அழிந்தவை எல்லாமே வாசகரை எழுத்திடம் கொண்டுசேர்த்த ஏற்பாடுகள். ரீடர், திரட்டிகள், பின்னூட்டப் பட்டியல்கள். எழுதிச் சேமிக்கும் இடமான பிளாகருக்கும் வேர்ட்பிரஸ்ஸுக்கும் ஒன்றும் ஆகவில்லை. அவை அப்படியே இருந்தன, இன்றும் இருக்கின்றன. ஃபேஸ்புக் உண்மையில் இட்டு நிரப்பியது தமிழ்மணத்தின் இடத்தை. நாம் மூடியதோ வலைப்பதிவை. இன்று யார் என்ன எழுதினார்கள் என்று பார்க்கிற முகப்பாக ஃபேஸ்புக்கைப் பயன்படுத்திக்கொண்டு, எழுத்தைப் பழைய இடத்திலேயே வைத்திருக்கலாம். சிலர் அப்படித்தான் செய்தார்கள். பெரும்பாலோர் முகப்பையே சேமிப்புக் கிடங்காகவும் ஆக்கிக்கொண்டார்கள்.

அவர்கள் ஏன் அப்படிச் செய்தார்கள் என்பதற்கும் நியாயமான காரணம் உண்டு. வலைப்பதிவில் எழுதிவிட்டுச் சுட்டியை ஃபேஸ்புக்கில் பகிர்ந்தால் யாரும் சொடுக்குவதில்லை. அதே எழுத்தை நேரே ஃபேஸ்புக்கில் போட்டால் நூறு விருப்பக்குறி. இதில் வாசகர் சோம்பலுக்குப் பங்கு உண்டு, ஆனால் முழுப்பொறுப்பும் அவர் தலையில் இல்லை. பயனரை வெளியே அனுப்பாமல் வைத்திருப்பதில்தான் அந்த நிறுவனத்தின் விளம்பர வருமானம் இருக்கிறது. அமெரிக்கப் பயனர்களுக்குப் பரவலாகக் காட்டப்பட்ட பதிவுகளைப் பற்றி ஃபேஸ்புக்கே 2021 ஆகஸ்டில் தன் முதல் அறிக்கையை வெளியிட்டது. பார்வைகளில் சுமார் 87 விழுக்காடு, வெளிச்சுட்டி எதுவும் இல்லாத பதிவுகளுக்குப் போனதாக அதில் இருந்தது. தமிழ் எழுத்தாளர்கள் இதைப் புள்ளிவிவரம் வருவதற்கு முன்பே பட்டறிவில் கண்டுகொண்டார்கள். "லிங்க் முதல் கமென்ட்டில்" என்று எழுதும் வழக்கம் அப்படிப் பிறந்ததுதான். தன் கட்டுரைக்கான வழியைத் தானே ஒளித்துவைத்து எழுத வேண்டிய நிலைமை அது.

இந்த மாற்றத்தை எவரையும்விடக் கூர்மையாகக் கண்டவர் ஹொசைன் தெராக்‌ஷான் என்ற ஈரானியர். 2001இல், டொரொண்டோவில் இருந்துகொண்டு, பாரசீக மொழியில் வலைப்பதிவு தொடங்குவது எப்படி என்று படிப்படியாக விளக்கி எழுதியவர் அவர். அதைப் பார்த்து ஆயிரக்கணக்கான ஈரானியர்கள் எழுத வந்தார்கள். 2008 நவம்பரில் தெஹ்ரானில் கைதானார். பத்தொன்பதரை ஆண்டு சிறைத் தண்டனை. ஆறு ஆண்டுகள் எவின் சிறையில் கழித்து, 2014 நவம்பரில் மன்னிப்பில் வெளியே வந்தார். வெளியே வந்தவர் பழைய வழக்கப்படி எழுதி, அதன் சுட்டியை ஃபேஸ்புக்கில் போட்டார். ஏறக்குறைய யாருமே கண்டுகொள்ளவில்லை. சிறைக்குப் போகுமுன் அவர் ஒரு தளத்துக்கு இணைப்புக் கொடுத்தால் அந்தத் தளம் வாசகர் வெள்ளத்தில் திணறும். 2015 ஜூலையில் அவர் எழுதிய நெடுங்கட்டுரையின் சாரம் இதுதான்: தான் இல்லாத ஆறு ஆண்டுகளில் சுட்டி என்ற இணையத்தின் அடிப்படை அலகே மதிப்பிழந்துவிட்டது. பலரும் பல இடங்களில் எழுதி, ஒருவரை ஒருவர் சுட்டிப் பின்னிய வலை போய், ஒரே திசையில் ஓடும் ஓட்டம் வந்துவிட்டது. அதில் எது மிதக்கும், எது மூழ்கும் என்று முடிவு செய்வது நிறுவனத்தின் கணக்கு. எழுதியதற்காகச் சிறை போன ஒருவர், இந்த ஓட்டம் எழுத்தின் வலிமையைக் குறைத்துவிட்டதாக அஞ்சினார் என்பதை நான் எளிதில் கடந்துபோக முடிந்ததில்லை.

எழுத்தின் வடிவத்துக்கு என்ன நேர்ந்தது என்பதும் பேச வேண்டியது. ஃபேஸ்புக் பதிவுக்குத் தலைப்புக்கென்று இடமில்லை. வரிக்கு நடுவே ஒரு சொல்லில் சுட்டியைப் பொதிந்து ஆதாரம் காட்ட முடியாது. சில வரிகளுக்குமேல் போனால் மடித்துவிடும். ஆகவே முதல் மூன்று வரியில் வாசகரை இழுத்துப் பிடிக்கிற எழுத்து பெருகியது. தலைப்பு இல்லாததால் கட்டுரைக்குப் பெயரில்லை. பெயரில்லாததை இன்னொருவர் மேற்கோள் காட்ட வழியில்லை. ஒரு விவாதம் நடக்கும்போது, "போன வருஷம் அவர் இதைப் பற்றி விரிவாக எழுதியிருந்தாரே" என்று நினைவிலிருந்துதான் சொல்ல முடிகிறது. அவரே தேடினாலும் கிடைக்காமல், மறுபடி முதலிலிருந்து எழுதுகிறார். சாதி, மொழி வரலாறு, ஈழம், தமிழிசை என்று பதிவுலகில் ஆண்டுக்கணக்கில் அடுக்கடுக்காகக் கட்டப்பட்ட விவாதங்கள் ஃபேஸ்புக்கில் ஒவ்வொரு ஆறு மாதத்துக்கும் அடித்தளத்திலிருந்து மீண்டும் தொடங்குவதற்கு இது முக்கியமான காரணம் என்று நினைக்கிறேன்.

தலைப்பும் பத்தியும் படமும் வைத்து நீண்ட கட்டுரை எழுத ஃபேஸ்புக்கில் நோட்ஸ் என்ற வசதி ஒன்று இருந்தது. வலைப்பதிவை விட்டு வந்த பலர் அதைத்தான் நம்பினார்கள். 2020 அக்டோபர் 31ஆம் தேதிக்குப் பிறகு புதிய நோட்ஸ் எழுதவோ பழையதைத் திருத்தவோ முடியாது என்று நிறுவனம் அறிவித்தது. எழுதியவர்களைக் கேட்டு எடுத்த முடிவல்ல.

ஆயினும் சமூக வலைத்தளங்கள் செய்ததை எந்த வலைப்பதிவும் செய்திருக்க முடியாது என்ற தருணங்கள் உண்டு. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் எந்தத் தெருவில் படகு வேண்டும், எங்கே பால்மாவு இருக்கிறது என்ற தகவல்கள் ஃபேஸ்புக்கிலும் டுவிட்டரிலும் வாட்ஸப்பிலும்தான் ஓடின. 2017 ஜனவரியில் மெரினாவில் ஜல்லிக்கட்டுக்காகக் கூடிய கூட்டம் திரட்டியைப் பார்த்து வந்ததல்ல. அதைவிட முக்கியமானது, வலைப்பதிவு தொடங்கத் துணியாதவர்கள் அங்கே எழுதினார்கள். கணினியே தொடாத, கைபேசி மட்டும் உள்ள எத்தனையோ பேர் தங்கள் ஊர், தொழில், பட்ட அவமானம், சமைத்த கறி என்று தமிழில் முதல்முறையாக எழுதியது ஃபேஸ்புக்கில்தான். பதிவுலகம் அவர்களுக்குக் கதவைத் திறந்து வைத்திருந்தாலும் வாசற்படி உயரமாக இருந்தது. அந்த எழுத்தில் இலக்கியத் தரமானவை பிறகு புத்தகமாகவும் வந்தன.

அப்படிப் புத்தகமாக்க முயன்றவர்களைக் கேட்டால் தெரியும், எழுத்தை அங்கிருந்து மீட்பது எவ்வளவு சிரமம் என்று. இதைக் கொஞ்சம் அருகில் போய்ப் பார்ப்போம். ஃபேஸ்புக்கில் உங்கள் தகவல்களின் படியை இறக்கிக்கொள்ளும் வசதி இருக்கிறது. எச்.டி.எம்.எல்., ஜேசன் என்று இரண்டு வடிவம். ஜேசன்தான் வேறு மென்பொருளில் ஏற்றுவதற்கு உகந்தது என்பதால் விவரம் தெரிந்தவர்கள் அதைத் தேர்ந்தெடுப்பார்கள். திறந்து பார்த்தால் ஒரு தமிழ் எழுத்துகூட இருக்காது. யுனிகோடின் யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட்டுகளாகச் சேமிக்கப்படுகிறது. ஏற்றுமதியின்போது அந்த மூன்று பைட்டுகளும் சேர்ந்து ஓர் எழுத்து என்பது மறந்துபோய், ஒவ்வொன்றும் தனித்தனி லத்தீன் எழுத்தாகக் குறிக்கப்படுகிறது. "அ" மூன்று துண்டாகிறது. "கொ" என்பதில் மெய்க்கும் உயிர்க்குறிக்கும் சேர்த்து ஆறு துண்டு. ஆங்கிலத்தில் எழுதுகிறவருக்கு இந்தப் பிழை கண்ணிலேயே படாது. தமிழருக்கு மொத்தக் கோப்பும் குறியீட்டுக் குப்பை. நிரல் எழுதத் தெரிந்தவர் சில வரிகளில் இதைச் சரிசெய்துவிடலாம். மற்றவர்கள் எச்.டி.எம்.எல். வடிவத்தை இறக்கி, கையால் வெட்டி ஒட்ட வேண்டியதுதான். அதிலும் உங்கள் பதிவுக்குப் பிறர் எழுதிய மறுமொழிகள் வராது. நீங்கள் பிறருக்கு எழுதிய மறுமொழிகள் வரும், ஆனால் எதற்கு மறுமொழி என்ற பதிவு இருக்காது. உரையாடலின் ஒரு பக்கம் மட்டும் எஞ்சும்.

பிளாகரில் இதே வேலையைச் செய்தால் ஒற்றைக் கோப்பு கிடைக்கிறது. தலைப்பு, தேதி, இடுகை, குறிச்சொல், மற்றவர்களின் பின்னூட்டம் எல்லாம் அதில் தமிழிலேயே இருக்கும். அதை வேர்ட்பிரஸ்ஸில் அப்படியே ஏற்றலாம். படங்கள் மட்டும் அதில் அடங்காது, சுட்டிகளாகத்தான் இருக்கும், தனியே எடுத்துவைக்க வேண்டும். 2013இல் தொடங்கிய ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் திட்டம் இந்த எளிமையில்தான் பிழைத்தது. கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் எழுத்தைத் தர முன்வந்த பதிவர்களின் இடுகைகளைத் தன்னார்வலர்கள் தொகுத்து மின்னூலாக்கினார்கள். நூற்றுக்கணக்கான நூல்கள் அப்படி வந்தன. ஃபேஸ்புக் பதிவுகளிலிருந்து அதே வேகத்தில் அதைச் செய்திருக்க வழியில்லை.

சட்டப்படி ஃபேஸ்புக்கில் எழுதியதும் உங்களுடையதே. நிறுவனத்துக்கு நீங்கள் கொடுப்பது பயன்படுத்தும் உரிமம் மட்டும். உரிமையாளர் யார் என்பதில் பிரச்சினை இல்லை. உரிமையாளர் தன் பொருளை எடுத்துப் பயன்படுத்த முடிகிறதா என்பதில்தான் இருக்கிறது.

வலைப்பதிவு வைத்திருந்தால் எல்லாம் பத்திரம் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. 2013இல் இருந்த இணையப் பக்கங்களில் 38 விழுக்காடு பத்து ஆண்டுகளில் காணாமல் போனதாக பியூ ஆய்வு மையம் 2024இல் கணித்தது. ஜியோசிட்டீஸை யாகூ 2009 அக்டோபரில் மூடியது. அங்கே இருந்த பழைய தமிழ்ப் பக்கங்களும் போயின. ராயர் காபி கிளப், மரத்தடி போன்ற குழுக்கள் கூடிப் பேசிய யாகூ குழுமங்களின் மடல்களை அதே நிறுவனம் 2020 தொடக்கத்தில் அழித்தது. 2012இலிருந்து சில ஆண்டுகள் இந்தியாவில் பிளாக்ஸ்பாட் முகவரிகள் டாட் இன் என்று முடிந்ததை வாசகர்கள் நினைவில் வைத்திருக்கலாம். அந்த டொமைன் 2020இல் கூகுளின் கையைவிட்டுப் போய், வேறு ஒருவரிடம் சேர்ந்தது. அந்தக் காலத்தில் அச்சான நூல்களின் அடிக்குறிப்புகளில் டாட் இன் முகவரி இருந்தால் இன்று அது எங்கும் போய்ச் சேராது. டாட் காம் என்று மாற்றித் தட்டினால் இடுகை கிடைக்கும் என்பது தெரிந்தவர்களுக்கு மட்டும் தெரியும். 2006 ஜூலையில் மும்பை ரயில் குண்டுவெடிப்புகளுக்குப் பின் அரசு சில குறிப்பிட்ட பக்கங்களைத் தடை செய்யச் சொன்னபோது, இணையச் சேவை நிறுவனங்கள் பிளாக்ஸ்பாட்டையே மொத்தமாக முடக்கின. பல நாட்கள் தமிழ்ப் பதிவர்கள் மாற்று வழியில் நுழைந்துதான் தங்கள் பதிவையே படித்தார்கள்.

ஆக, பொதுக் கூரையின் கீழ் இருக்கும் எந்த எழுத்துக்கும் ஆபத்து உண்டு. ஆனால் ஆபத்தின் தன்மை வேறு. இலங்கையில் 2018 மார்ச்சில் கண்டி வன்முறையின்போதும், 2019 ஈஸ்டர் தாக்குதலுக்குப் பிறகும், 2022 ஏப்ரலில் மக்கள் போராட்டத்தின்போதும் அரசு சமூக வலைத்தளங்களை முடக்கியது. ஒரே இடத்தில் எல்லோரும் குவிந்திருந்தால் ஒரே உத்தரவில் எல்லோரையும் மௌனமாக்கலாம். அரசு தேவையே இல்லாமல் நிறுவனமே அதைச் செய்யவும் முடியும். ஈழப் போர் பற்றிய நினைவுப் பதிவுகளும் படங்களும் நீக்கப்படுவது புலம்பெயர் தமிழர்களின் நெடுநாள் முறையீடு. லண்டனிலிருந்து வரும் தமிழ் கார்டியன் இதழ் தன் இன்ஸ்டாகிராம் பதிவுகள் நீக்கப்பட்டதை வெளிப்படையாக எதிர்த்திருக்கிறது. ஒரு சமூகம் தன் இழப்பை எப்படி நினைவுகூர வேண்டும் என்ற முடிவு, அதன் மொழியும் வரலாறும் தெரியாத ஒரு விதிப்பட்டியலிடம் போய்விடுகிறது. சொந்த டொமைனில் உள்ள எழுத்தையும் முடக்கலாம்தான். அப்படி முடக்கினால் வேறு வழங்கிக்கு மாற்றி அதே முகவரியில் மறுநாள் கொண்டுவர வாய்ப்பு உண்டு. ஃபேஸ்புக் கணக்கு முடங்கினால் பத்தாண்டு எழுத்தும் அதைத் தேடி வந்த வாசகர்களும் சேர்ந்தே போகிறார்கள்.

என் பதில் இதற்குள் தெரிந்திருக்கும். மூலப்படி சொந்த முகவரியில் இருக்க வேண்டும். முதலில் அங்கே வெளியிட்டு, பிறகு அதையே முழுமையாக ஃபேஸ்புக்கிலும் வேறு இடங்களிலும் போட வேண்டும். வெறும் சுட்டி மட்டும் போட்டால் யாரும் வரமாட்டார்கள் என்பதால் எழுத்தையே போடுவதில் தயக்கம் வேண்டாம். அமெரிக்காவில் 2011இலிருந்து இன்டிவெப் என்ற குழுவினர் வலியுறுத்தி வருவதும் இதுதான். ஒரு டொமைனுக்கு ஆண்டுக்கு ஆயிரம், ஆயிரத்தைந்நூறு ரூபாய் ஆகும். அதுவும் முடியாதவருக்கு இலவச பிளாகர் போதும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை அந்த ஒற்றைக் கோப்பை இறக்கி வைத்துக்கொண்டால். ஃபேஸ்புக்கில் ஏற்கெனவே பத்தாண்டு எழுதியவர்கள் எல்லாவற்றையும் மீட்க வேண்டும் என்றில்லை. தான் மதிக்கும் ஐம்பது பதிவுகளைத் தேடி எடுத்து, தலைப்பு வைத்து, எழுதிய தேதியோடு வலைப்பதிவில் ஏற்றினாலே பெரிய காரியம்.

சொந்தத் தளத்தில் எழுதினால் யார் படிப்பார்கள் என்பவர்களுக்கு எழுத்தாளர் ஜெயமோகனை உதாரணமாகக் காட்டுவது வழக்கம். 2014 ஜனவரி 1 முதல் 2020 ஜூலை வரை வெண்முரசு நாவல் தொடரை நாள்தோறும் ஓர் அத்தியாயமாக, 26 நாவல்களாக இணையத்தில் சொந்தத் தளத்திலேயே எழுதி முடித்தார். ஃபேஸ்புக் உச்சத்தில் இருந்த ஆண்டுகள் அவை. வாசகர்கள் தினமும் தேடி வந்தார்கள். நீண்ட எழுத்துக்கு நிலையான முகவரி என்ன செய்யும் என்பதற்கு இது உறுதியான சான்று. ஆனால் அதற்கு முன்பே அவருக்குப் பெயரும் வாசகரும் இருந்தார்கள். நேற்று எழுத வந்த ஒருவரிடம் இந்த உதாரணத்தைச் சொல்லி அனுப்புவது நியாயமாகாது. அவருக்குத் தேவை, தன்னைக் கண்டுபிடிக்க யாராவது ஒரு வழி வைத்திருப்பது.

எழுதியவர் இறந்த பிறகு என்ன ஆகும் என்பதையும் இப்போதே நினைக்க வேண்டும். பதிவுலகின் முதல் தலைமுறையில் மூத்தவர்கள் பலர் இன்று இல்லை. இரண்டு ஆண்டு பயன்படுத்தாத கணக்குகளை நீக்கக்கூடும் என்று கூகுள் 2023இல் அறிவித்தது. கணக்கு செயலற்றுப் போனால் யாரிடம் அதன் தகவல்களை ஒப்படைப்பது என்று முன்கூட்டியே குறித்து வைக்கும் வசதி 2013இலிருந்தே கூகுளில் இருக்கிறது. ஃபேஸ்புக்கிலும் வாரிசுத் தொடர்பாளரை நியமிக்கலாம். கடவுச்சொல்லையோ குறைந்தபட்சம் அந்த ஏற்றுமதிக் கோப்பையோ பிள்ளைகளிடமோ நண்பரிடமோ கொடுத்து வைப்பவர்கள் மிகக் குறைவு.

எஞ்சியிருப்பது புதியவரை வாசகர் கண்டுபிடிக்கும் வழியைப் பற்றிய பேச்சு, அதாவது திரட்டி. தனி மனிதர்கள் எவ்வளவு ஒழுங்காகத் தங்கள் மூலப்படியைக் காத்தாலும், அதை வாசகரிடம் சேர்க்கும் ஏற்பாடு நிறுவனத்தின் கையிலேயே இருக்கும்வரை புதியவர்கள் அங்கேயே போவார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. வேலை தொடங்க வேண்டிய இடம் தெளிவாக இருக்கிறது. பிளாகரிலும் வேர்ட்பிரஸ்ஸிலும் உள்ள ஒவ்வொரு வலைப்பதிவுக்கும் ஓடை இன்றும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. ஆட்டம், ஆர்எஸ்எஸ் ஆகிய அந்த வடிவங்கள் இருபது ஆண்டுகளாக மாறவில்லை. மாஸ்டடன் போன்ற சமூக வலைத்தளங்கள் பயன்படுத்தும் ஆக்டிவிட்டிபப் நெறிமுறை 2018இல், வலைத் தரங்களை வகுக்கும் டபிள்யு3சி அமைப்பின் தரமாக ஏற்கப்பட்டது. அதற்கான செருகியை நிறுவினால் ஒரு வேர்ட்பிரஸ் வலைப்பதிவை அங்கிருந்தே பின்தொடரலாம், பதிலும் எழுதலாம், மூலம் சொந்த இடத்தைவிட்டு நகராமலே. 2004இல் ஒருவர் தொடங்கிய வேலையை இன்று ஒரு பொறியியல் கல்லூரியின் கணினித் துறை மாணவர் நால்வர் ஒரு பருவத்துக்குள் செய்துவிடலாம். நிரலைவிடக் கடினமானது அதற்குப் பின் வரும் அன்றாடப் பராமரிப்பு: எந்தப் பதிவைச் சேர்ப்பது, வெறுப்பு எழுத்தை எப்படி விலக்குவது, இந்த வாரம் யாரை முகப்பில் நிறுத்துவது. தமிழ் அமைப்புகளும் பல்கலைக்கழகத் தமிழ்த்துறைகளும் பணமும் ஆளும் ஒதுக்க வேண்டியது இந்தப் பராமரிப்புக்குத்தான்.